சரித்திர ஆசிரியர் சதாசிவ பண்டாரத்தார்

தம் முன்னோர் இன்னார், அவர் செய்தது இன்னது என்று அறியாத சமூகம் தன்னையே அறியாத சமூகமாகும். சரித்திர ஆராய்ச்சி பெரும்பட்டம் பெற்றார்க்கே உரியதென்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பிழையென்பதைத் தம் வாழ்நாளால் மெய்ப்பித்த பெரியார் ஒருவர் வரலாற்றை நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் மக்கட்கும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தில், 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், வைத்தியலிங்க பண்டாரத்தார்க்கும் மீனாட்சி அம்மையார்க்கும் புதல்வராய்த் தோன்றினார் சதாசிவ பண்டாரத்தார். கி.பி. 880-ஐ ஒட்டி வரகுண பாண்டியனை அபராசித பல்லவனும், கங்க மன்னன் பிருதிவீபதியும், ஆதித்த சோழனும் எதிர்த்துப் பொருத களம் அவ்வூரே. பிருதிவீபதி ஆங்கு உயிர் துறந்தான். சோழர் மீண்டும் தலையெடுத்தனர். இத்தகைய மண்ணிற் பிறந்தும் அதனை அறியாது மாய்ந்தவர் எண்ணிறந்தோர். பண்டாரத்தாரோ அறிய முனைந்தார். பிற்காலத்தில் அவ்வூர்க்குத் தல வரலாறும் எழுதி உதவினார்.

கல்லூரிப் பட்டம் அவர்க்கில்லை. கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் தமிழாசிரியராய் இருந்தார். பகலிற் பாடஞ் சொன்ன அவர், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கோயிற் கல்வெட்டுக்களை ஆராய்ந்தார். மெய்க்கீர்த்தியால் மன்னனையும், ஆட்சியாண்டால் காலத்தையும், தானத்தால் குடிகளின் வாழ்வையும் துணிதல் அவர் முறை. ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் விடப்பட்டன என்னும் சிறு செய்தியும் அக்கால மக்களை நம் கண்முன் நிறுத்துமன்றோ!

அறிஞர் பலரும் சரித்திரத்தை ஆங்கிலத்திலேயே எழுதிய அந்நாளில், அவர் தமிழில் எழுதினார். செந்தமிழ், தமிழ்ப்பொழில் ஆகிய இதழ்களில் அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. 1930-இல் முதற் குலோத்துங்க சோழன் வரலாற்றை வெளியிட்டார். சுங்கந் தவிர்த்து வணிகர்க்கும் தொழிலாளர்க்கும் நலம்புரிந்த வேந்தன் அவன். தறியும் வாணிபமும் அறிந்த நம்மவர்க்கு அந்நூல் நெருங்கிய உறவுடையது. 1940-இல் பாண்டியர் வரலாறு வந்தது. 1942-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன்பால் அழைத்துக்கொண்டது. ஆங்கு எழுதிய பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற் பகுதி 1949-இலும், இரண்டாம் பகுதி 1951-இலும் வெளிப்போந்தன. மூன்றாம் பகுதி அச்சேறுமுன், 1960-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். பட்டமில்லாத பள்ளியாசிரியர் இயற்றிய நூல்களைப் பட்டம் பெறுவோர் இன்றும் பயில்கின்றனர்.

நம் வெம்பாக்கம் வட்டத்திலும் மாமண்டூரில் மகேந்திர பல்லவன் காலத்துக் குகைகளும் பேரேரியும் உள்ளன. குரங்கணில்முட்டத்திலும் பல்லவர் குகையொன்று உண்டு. அங்கெல்லாம் விழாவிற்குச் செல்லும் நம் சிறுவர், எழுத்துப் பொறித்த கல்லின்மீது முதுகு சாய்த்து அமர்ந்து திரும்புகின்றனர். கல்லைக் கல்லென்று விடாது, அது கூறுவதை அவர்க்கு எடுத்துரைத்தல் பெற்றோர் கடன். திருப்பணியின்போது எழுத்துள்ள கற்களைச் சுண்ணத்தால் மறையாமலும் பெயர்த்தெறியாமலும் காத்தல் நம் சங்கத்தார் கடன். பண்டாரத்தார்க்கு நாம் செய்யத்தகும் நன்றி இதுவேயாம்.