எம். ஆர். ராதா

எம். ஆர். ராதா (1907 - செப்டம்பர் 17, 1979) தமிழ்நாட்டைச் சேர்ந்த நாடக, திரைப்பட நடிகர் ஆவார். இவரது முழுப்பெயர் மதராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன் என்பதாகும். நடிகவேள் என்னும் பட்டத்தால் பரவலாக அறியப்படுகிறார். பெரியார் ஈ. வெ. இராமசாமியின் பகுத்தறிவுக் கருத்துகளை நாடக மேடை வழியாக மக்களிடம் கொண்டு சென்றவர்களுள் இவர் முதன்மையானவர். தொழுநோயால் உடல் சிதைந்து, உற்றாராலும் ஊராராலும் ஒதுக்கப்பட்ட ஒருவனின் தனிமையைக் காட்டும் இரத்தக்கண்ணீர் நாடகம் இவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

இளமை

ராதா சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். தந்தை ராஜகோபால் படைவீரர். முதல் உலகப் போரில் உயிரிழந்தார். தாயார் ராஜம்மாள். சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறிய ராதா, முறையான பள்ளிக் கல்வி பெறவில்லை. அக்காலத்தில் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய குழுக்கள் பாய்ஸ் கம்பெனி என அழைக்கப்பட்டன. உணவும் உறைவிடமும் தந்து, பாட்டும் வசனமும் பயிற்றுவித்த இக்குழுக்களே பல நடிகர்களுக்குப் பள்ளிக்கூடமாக விளங்கின. ராதாவும் அவ்வாறே வளர்ந்தார். ஜெகந்நாத ஐயரின் குழுவில் பெற்ற பயிற்சி இவரது நடிப்புக்கு அடித்தளமாக அமைந்தது.

நாடக வாழ்க்கை

1937 இல் வெளிவந்த ராஜசேகரன் இவரது முதல் திரைப்படம் ஆகும். எனினும் திரைத்துறையில் நிலைக்காமல் மீண்டும் நாடகத்துக்கே திரும்பினார். இழந்த காதல், விமலா அல்லது விதவையின் கண்ணீர், இலட்சுமிகாந்தன், போர்வாள், மு. கருணாநிதி எழுதிய தூக்குமேடை முதலியன இவர் நடத்திய நாடகங்களுள் சில. இராமாயணத்தைக் கடுமையாக விமர்சித்த இவரது நாடகம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று 1954 இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்டது. கைதுகளுக்கும் தடைகளுக்கும் இடையே இவர் தொடர்ந்து நாடகம் நடத்தி வந்தார்.

இரத்தக்கண்ணீர்

இரத்தக்கண்ணீர் நாடகத்தை எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு ஆவார். 1940களின் இறுதியில் மேடையேறிய இந்நாடகத்தை ராதா பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று நடத்தினார்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பும் செல்வந்தன் மோகனசுந்தரம் இதன் முதன்மைக் கதைமாந்தர். அவன் தாயையும் மனைவி சந்திராவையும் மதியாமல், காந்தா என்னும் நடன மாதுவிடம் செல்வத்தை இழக்கிறான். அவனுக்குத் தொழுநோய் கண்டதும் காந்தா அவனை ஒதுக்கி, பின்னர் வீட்டை விட்டே வெளியேற்றுகிறாள். கண்பார்வையும் போய்த் தெருவில் பிச்சையெடுத்து அலைகிறான். இறுதியில் மனைவியையும் நண்பன் பாலுவையும் மீண்டும் சந்திக்கும் அவன், அவ்விருவருக்கும் தானே மணம் செய்து வைக்கிறான். உயிரோடிருக்கும் கணவனே மனைவிக்கு மறுமணம் செய்து வைக்கும் இம்முடிவு அக்காலத்தில் துணிச்சலானதாகும்.

நாடகத்தின் முற்பகுதியில் பிறரைத் தீண்டத்தகாதவராக எண்ணி விலக்குபவன் மோகனசுந்தரம். பிற்பகுதியில் அவனே விலக்கப்படுகிறான். மடங்கிய விரல்கள், தடித்த முகம், கரகரத்த குரல் ஆகியவற்றின் மூலம் ராதா இம்மாற்றத்தைக் காட்டினார். தொழுநோய் முற்றியவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்குவதும், குரல்வளை பாதிக்கப்பட்டுக் குரல் மாறுவதும், பார்வை இழப்பு ஏற்படுவதும் மருத்துவ நூல்களில் கூறப்படுபவையே ஆகும்.

நோயுற்ற பாத்திரத்தை அழவைத்து இரக்கம் தேடுவது மேடை வழக்கம். ராதா அவ்வாறு செய்யவில்லை. நோயுற்ற பின்னரே மோகனசுந்தரத்தின் நாக்கு கூர்மையடைகிறது. தன்னையும், தன்னைக் கண்டு விலகும் சமுதாயத்தையும் அவன் ஒருசேர எள்ளி நகையாடுகிறான். தெருவில் கண்டால் ஒதுங்கிச் செல்லும் ஒரு மனிதனின் பேச்சைப் பார்வையாளர்கள் மணிக்கணக்கில் அமர்ந்து கேட்டனர். அவனோடு சேர்ந்து சிரித்தனர்.

நாடகமும் தொழுநோயும்

இந்நாடகம் நோயைத் தீய ஒழுக்கத்துக்குக் கிடைத்த தண்டனையாகக் காட்டுகிறது. இது மருத்துவ அறிவியலுக்கு முரணானதாகும். தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873 இலேயே கண்டறிந்தார். இது பாலியல் நோய் அன்று. எளிதில் தொற்றுவதும் இல்லை. பெரும்பாலானோர் உடலில் இதற்கு இயற்கையான எதிர்ப்பாற்றல் உண்டு. பாவத்தின் பலனே நோய் என்னும் பழைய நம்பிக்கை, மூடநம்பிக்கைகளை எதிர்த்த ஒரு நாடகத்திலும் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. ஒதுக்கப்பட்டவனின் வேதனையை உணரவைத்த அதே நாடகம், அவனை ஒதுக்குவோருக்கு ஒரு காரணத்தையும் கொடுத்துவிட்டது எனலாம்.

நாடகம் மேடையேறிய காலச் சூழலையும் கருத்தில் கொள்ள வேண்டும். 1898 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிச்சையெடுக்கும் வறிய தொழுநோயாளரைக் கைது செய்து காப்பகத்தில் அடைக்க இயலும். மோகனசுந்தரத்தின் நிலையில் இருந்த ஒருவருக்குச் சட்டம் காட்டிய வழி அதுவே. வடசென்னையின் இராயபுரத்தில் 19 ஆம் நூற்றாண்டிலேயே தொழுநோயாளருக்கென மருத்துவமனை இருந்தது. 1920களில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தனிக் குடியிருப்பு அமைக்கப்பட்டது. நாடகம் அரங்கேறிய 1940களிலேயே சல்போன் வகை மருந்துகள் பயன்பாட்டுக்கு வரத் தொடங்கிவிட்டன. 1981 இல் உலக சுகாதார அமைப்பு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதன் பின்னர் இது முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய நோயாயிற்று.

சட்டங்கள் மாற மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1898 ஆம் ஆண்டுச் சட்டம் 2016 இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு பெறும் விதி 2019 இல் கைவிடப்பட்டது. தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் (2016) கீழ் பாதுகாப்புப் பெறுகின்றனர்.

திரைப்படங்கள்

இரத்தக்கண்ணீர், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1954 இல் திரைப்படமாக வெளிவந்தது. மேடையில் ஏற்ற வேடத்தையே ராதா திரையிலும் ஏற்றார். எம். என். ராஜம் காந்தாவாகவும், ஸ்ரீரஞ்சனி சந்திராவாகவும், எஸ். எஸ். ராஜேந்திரன் பாலுவாகவும் நடித்தனர். இக்கதை தெலுங்கு மேடையில் நடிகர் நாகபூஷணத்தால் நடத்தப்பட்டுப் புகழ்பெற்றது. 2003 இல் கன்னடத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது.

பின்னர் ராதா எதிர்நாயகன், நகைச்சுவை வேடங்களில் ஏராளமான படங்களில் நடித்தார். இவற்றுள் சில உடற்குறை பற்றிய கதைகளாகவும் அமைந்தன. பாகப்பிரிவினை (1959) படத்தில் கை, கால் செயலிழந்த நாயகனின் குடும்பத்தைப் பிரிப்பவராக நடித்தார். பாவ மன்னிப்பு (1961) படத்தில் இவரது பாத்திரம் அமிலம் வீசி நாயகனின் முகத்தைச் சிதைக்கிறது. பாலும் பழமும் (1961), பலே பாண்டியா (1962), கற்பகம் (1963) ஆகியனவும் இவர் நடித்த படங்களாகும்.

சிறைவாசமும் இறுதிக் காலமும்

சனவரி 12, 1967 அன்று இராமாவரத்தில் உள்ள எம். ஜி. ஆரின் இல்லத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. இதில் எம். ஜி. ஆரும் ராதாவும் காயமடைந்தனர். தொண்டையில் ஏற்பட்ட பாதிப்பால் எம். ஜி. ஆரின் குரல் நிரந்தரமாக மாறியது. எனினும் அவர் மாறிய குரலிலேயே தொடர்ந்து நடித்தார். 1977 இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரும் ஆனார். அக்குறையுடனேயே மக்கள் அவரை ஏற்றுக்கொண்டனர்.

இவ்வழக்கில் ராதாவுக்கு ஏழு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. 1971 இல் விடுதலையான பின்னர் மீண்டும் நாடகங்களிலும் சில படங்களிலும் நடித்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் மறுபடியும் சிறை சென்றார்.

செப்டம்பர் 17, 1979 அன்று திருச்சிராப்பள்ளியில் காலமானார். அன்று பெரியாரின் நூறாவது பிறந்தநாள் நிறைவு என்பது குறிப்பிடத்தக்கது. நடிகர்கள் எம். ஆர். ஆர். வாசு, ராதாரவி, நடிகைகள் ராதிகா, நிரோஷா ஆகியோர் இவருடைய பிள்ளைகள். சென்னை பெரியார் திடலில் உள்ள அரங்கம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.