மூட்டுக்கு மருந்து தேடிக் குடலுக்கும் வழி கண்ட டாக்டர் அம்மையார்

காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கை நம் வசத்துக்கு வரும். இதை ‘வாயு’ என்று சொல்லி, தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பல சமயம் இது முடக்குவாதமாக இருக்கும். இதற்கு இன்றும் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கப்படும் மஞ்சள் நிற மாத்திரை ஒன்று உண்டு. சல்ஃபசலசின் என்பது அதன் பெயர். அதை உலகுக்குத் தந்தவர் சுவீடன் நாட்டு டாக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார்.

அவர் 1890-ம் ஆண்டு வெஸ்டெரோஸ் நகரில் பிறந்தார். ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். அந்நாளில் சுவீடனில் பெண் டாக்டராகலாம்; ஆனால் அரசாங்கத்தின் உயர்ந்த பதவிகளுக்கு வர முடியாது. அந்தத் தடையை நீக்கும் சட்டம் 1925-ல்தான் அமலுக்கு வந்தது. அம்மையார் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. குழந்தை மருத்துவரான கணவரோடு குடும்பத்தையும் நடத்திக்கொண்டு, ஆராய்ச்சியையும் விடாமல் செய்தார். 1927-ல் டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் குடலில் வாழும் பாக்டீரியாக்கள். பத்தாண்டு கழித்து, 1937-ல் கரோலின்ஸ்காவில் மருத்துவப் பேராசிரியரானார். சுவீடன் அரசாங்கக் கல்வி நிலையம் ஒன்றில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவரே.

இரண்டு மருந்துக்கு ஒரு கப்ளிங்

முடக்குவாதத்தில் மூட்டுகள் வீங்கும். நாளாக ஆக எலும்பு அரித்து விரல்கள் கோணிப்போகும். அன்று ஆஸ்பிரினைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி மருந்துகள் அதிகம் இல்லை. இந்த நோய் கிருமிகளால் வருகிறது என்பது அம்மையாரின் எண்ணம். கிருமியைக் கொல்லும் சல்ஃபா மருந்துகள் அப்போதுதான் வந்திருந்தன. ஆனால் அவை மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களுக்குள் போய்ச் சேருமா?

அவர் ஒரு யுக்தி செய்தார். ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த சாலிசிலேட் மருந்து அந்தத் திசுக்களை நாடிப் போகும் என்று நம்பினார். அதோடு சல்ஃபா மருந்தைப் பிணைத்துவிட்டால்? இரண்டு வாகன்களைக் கப்ளிங் போட்டு இணைப்பதுபோல இரண்டையும் ஒன்றாக்கும் பொறுப்பை, சுவீடனின் பார்மேசியா கம்பெனி ரசாயன நிபுணர்கள் ஏற்றார்கள். இப்படிப் பிறந்ததுதான் சல்ஃபசலசின். 1942-ல் அம்மையார் முடிவுகளை வெளியிட்டார். வாத நோயாளிகள் மட்டுமல்ல, பெருங்குடல் புண்ணால் ரத்தபேதி கண்டவர்களும் குணமடைந்ததை அதில் எடுத்துச் சொன்னார்.

மறந்தார்கள், மீண்டும் வந்தார்கள்

ஆனால் 1940-களின் கடைசியில் பிரிட்டனில் நடந்த சோதனையில், மூட்டு நோய்க்கு இந்த மருந்தால் பயனில்லை என்று முடிவு கட்டினார்கள். 1949-ல் கார்ட்டிசோன் வேறு பெரும் பரபரப்போடு வந்தது. மூட்டு டாக்டர்கள் சல்ஃபசலசினைக் கைவிட்டார்கள். குடல் டாக்டர்களோ அதை விடவில்லை. மூட்டுக்கென்று பிறந்த மருந்து முப்பது ஆண்டு காலம் குடல் மருந்தாகவே பெயரெடுத்தது.

1970-களின் கடைசியில் பிரிட்டனின் பர்மிங்ஹாம் நகர மருத்துவர்கள் அதை மீண்டும் மூட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு வீக்கம் தணிந்தது. அம்மையார் சொன்னது சரி என்று தெரிந்தபோது அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது.

இடையில் அவர் பெயர் வேறொரு விஷயத்திலும் அடிபட்டது. ஹங்கேரியில் ஆயிரக்கணக்கான யூதர்களைக் காப்பாற்றிய சுவீடன் அதிகாரி ரவுல் வாலன்பெர்க்கை 1945-ல் சோவியத் படையினர் பிடித்துச் சென்றனர். 1961-ல் மாஸ்கோ சென்ற அம்மையார், வாலன்பெர்க் உயிரோடு இருப்பதாக அங்கே ஒரு பிரபல டாக்டர் தம்மிடம் சொன்னதாகச் சுவீடன் பிரதமரிடம் தெரிவித்தார். அந்த டாக்டர் பின்னர் மறுத்துவிட்டார். அம்மையார் தாம் கேட்டதை மாற்றிச் சொல்லவில்லை. 1986-ல் அவர் காலமானார்.

குடலில்தான் சூட்சுமம்

அவருடைய காரணம் இன்று ஏற்கப்படவில்லை. முடக்குவாதத்தில் உடலின் காவல் படையே வழி தவறி மூட்டைத் தாக்குகிறது என்பது இன்றைய விளக்கம். ஆனால் மருந்து வேலை செய்யும் விதம் விந்தையானது. விழுங்கிய மாத்திரையில் பெரும் பகுதி பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கப்ளிங்கைக் கழற்றிவிடுவது யார் தெரியுமா? அம்மையார் 1927-ல் ஆராய்ந்த அதே குடல் பாக்டீரியாக்கள்! 2013-ல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள், புதிதாக முடக்குவாதம் கண்ட பலரின் குடலில் ஒரு வகை பாக்டீரியா மிகுந்திருப்பதைக் கண்டார்கள். அதுதான் நோய்க்குக் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் மூட்டையும் குடலையும் தனித்தனியே பார்க்கக் கூடாது என்பது உறுதியாகி வருகிறது.

ஆகவே, காலையில் மூட்டு இறுக்கமும் வீக்கமும் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அடிக்கடி வயிற்றுப்போக்கோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் வெட்கப்படாமல் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. மற்றவர்களும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எனவே கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். நாள் கூலியை எண்ணி வைத்தியத்தைத் தள்ளிப் போட்டால், பிறகு கூலிக்குப் போகக் கையே உதவாமல் போய்விடும்.