உருக்கை அளந்த உரவோர்
பிரடெரிக் வின்ஸ்லோ டெயிலர் வரலாறு

மட்டக்களப்பு வாவிக் கரையிலே தோணி செய்யுந் தச்சர் எவரும் உளியின் வாயைக் கண்டபடி தீட்டுவதில்லை. மெல்லிய வாய் மரத்தில் எளிதாய் இறங்கும்; வைரம் பாய்ந்த இடத்தில் முறிந்துபோகும். தடித்த வாய் முறியாது. ஆயின், கையைச் சோரச் செய்யும். இரண்டிற்கும் இடைப்பட்ட சரிவை அறிவதே தொழிலின் நுட்பம். அந்நுட்பத்தை இரும்புத் தொழிலில் எண்ணால் அளந்து உலகுக்கு அளித்தவர் பிரடெரிக் வின்ஸ்லோ டெயிலர். தொழினுட்பக் கல்வியை நாடும் நம் மாணவர் பொருட்டு அன்னாரின் வாழ்க்கையை இம்மலரிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

டெயிலர் 1856ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆந் திகதி அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரில் வசதி படைத்த குடும்பமொன்றிற் பிறந்தார். ஹாவார்ட் பல்கலைக்கழக நுழைவுத் தேர்விற் சிறப்புறத் தேறியும், கண்பார்வைக் குறைவினால் அங்குச் செல்லாது தொழிற்சாலையொன்றிற் பயிலுநராய்ச் சேர்ந்தார். 1878இல் மிட்வேல் உருக்குத் தொழிற்சாலையில் தொழிலாளியாய்ப் புகுந்து, படிப்படியே உயர்ந்து தலைமைப் பொறியியலாளரானார். தொழில் புரிந்துகொண்டே கற்று, 1883இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தின் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் வெட்டுக் கருவியைத் தன் மனம்போலத் தீட்டினான். வேகத்தையும் உத்தேசமாகவே வைத்தான். ஒரு நாளில் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதில் மேற்பார்வையாளராகிய டெயிலருக்கும் தொழிலாளருக்கும் ஓயாப் பிணக்கு. உண்மையளவை இரு திறத்தாரும் அறியார். அதனை அறியவே 1880இல் அவர் சோதனைகளைத் தொடங்கினார். ஆறு மாதத்தில் முடியுமென எண்ணிய பணி 26 ஆண்டுகள் நீடித்தது. சோதனைகள் 30,000க்கு மேற்பட்டன. சுருளாய்ச் சீவி எறிந்த இரும்பும் உருக்கும் 8 இலட்சம் இறாத்தலைக் கடந்தன.

கண்ட உண்மைகள் பல. கூரிய முனையினும் வளைந்த முனையே வேகமாய் வெட்டவல்லது. வளைவிற் சுருள் மெலிந்து, வெப்பம் ஓரிடத்திற் குவியாது பரவுதலே காரணம். வெட்டுமிடத்தில் நீரைத் தாராளமாய்ப் பாய்ச்சினால் வேகத்தை நூற்றுக்கு 30 முதல் 40 வரை கூட்டலாம். கருவியின் அடிப்புறம் பொருளில் உராயாதிருக்க 6 பாகை இடைவெளி வேண்டும். மெல்லுருக்கை வெட்டுங் கருவியின் மேற்புறம் பின்னோக்கி 8 பாகையும் பக்கவாட்டில் 22 பாகையுஞ் சரிதல் நன்று. வல்லுருக்காயின் பக்கச் சரிவை 14 பாகையாகக் குறைத்து, வாய்க்குத் தடிப்பு அளித்தல் வேண்டும். தச்சர் கையால் உணர்ந்தது இங்கே பாகையாய் நின்றது.

பின்னர்ப் பெத்லகேம் உருக்குத் தொழிற்சாலையில் மான்செல் வைற் என்பாருடன் கூடி, முனை செந்நிறமாய்க் கனன்றாலும் மழுங்காத அதிவேக உருக்கை ஆக்கினார். 1900இல் பாரிசு நகரக் கண்காட்சியில் அதைக் கண்டோர் வியந்தனர். 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத் தலைவராயிருந்து தம் முடிவுகள் யாவற்றையும் வெளியிட்டார். வேகத்தை நூற்றுக்கு 9 கூட்டினாற் கருவி மழுங்குங் காலம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அவர் சூத்திரத்தினாற் பெறப்படும்.

டெயிலர் ஆராய்ந்தது பெரும்பாலும் கடைசற் பொறியின் ஒற்றை வாயையே. மில்லிங் பொறியிலோ பல வாய்கள் ஒரு சக்கரத்திற் சுழல்கின்றன. ஒவ்வொரு பல்லும் உலோகத்தில் மோதிப் புகுந்து, வெட்டி, வெளியேறும். ஆதலின் சரிவோடு பற்களின் இடைவெளியும் கருதற்பாலது. பற்கள் நெருங்கினாற் சுருள் தங்க இடமின்றி அடைபடும்; சக்தியும் வீணாகும். சின்சினாற்றி மில்லிங் பொறித் தொழிற்சாலையைச் சார்ந்த டி லீயு 1911இல் அகன்ற இடைவெளியின் நன்மையை விளக்கினார்.

ஆயினும், உருக்கை அளந்த முறையாலேயே மனிதனையும் அளக்க டெயிலர் முயன்றமை பெருங் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. கடிகாரத்தைக் கையிற் பிடித்துத் தொழிலாளியின் அசைவை எண்ணினர். 1911இல் வாட்டர்ரவுண் படைக்கலச் சாலையில் வேலைநிறுத்தம் மூண்டது. மறு ஆண்டு சட்டசபைக் குழுவின் முன் அவர் விடையளிக்க நேர்ந்தது. 1915 மார்ச்சு 21ஆந் திகதி, 59ஆவது பிறந்த நாளின் மறுநாள், காலமானார்.

மாணவர்காள்! கருவிக்கு உரிய கோணம் அளந்தறியத்தக்கது. அதற்கு 26 ஆண்டு பொறுமை காட்டிய பெரியாரை நாம் போற்றுவோம். அக்கருவியைப் பிடித்த கையோ களைப்பும் மானமும் உடையது. அது பாகைமானியில் அடங்குவதன்று. இரண்டையும் அறிந்தவனே நல்ல பொறியியலாளன்.