கையும் கணிதமும்: ஆக்கிமிடீசின் வாழ்வு

கேத்திரகணிதமென்றால் தேற்றங்களை மனனஞ் செய்து பரீட்சை மண்டபத்திலே இறக்கிவைக்கும் பாரமென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் தவறென்பதற்கு ஆக்கிமிடீசின் வாழ்வே தக்க சான்றாகும்.

சிசிலித் தீவின் சிரக்கூசு நகரிலே, கி. மு. 287ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தந்தையார் பீடியாசு வானநூல் வல்லவர். அலெக்சாந்திரியா நகரத்து அறிஞருக்குக் கடிதமூலம் தம் முடிபுகளை அனுப்பிவந்தார். நீராடுந் தொட்டியிலிருந்து அவர் துள்ளியோடிய கதையை யாவரும் அறிவர். அது அவர் இறந்து ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளின் பின்னர் எழுதப்பெற்ற நூலிலேயே நமக்குக் கிடைக்கின்றது.

அக்காலக் கிரேக்க உயர்குடியினர் கைத்தொழிலை இழிவெனக் கருதினர். ஆக்கிமிடீசும் தம் பொறிகளைப் பெரிதாக மதித்திலர் என்று புளூட்டாக்கு எழுதிவைத்தார். உலகமும் அதனை நெடுங்காலம் நம்பியது.

1906ஆம் ஆண்டிலே ஐபேக்கு என்னும் டென்மார்க்கு அறிஞர், கொன்சுதாந்திநோப்பிளில் ஒரு பழைய பிரார்த்தனைப் புத்தகத்தை ஆராய்ந்தார். தோல் ஏடுகளில் முன்னிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, 13ஆம் நூற்றாண்டிலே அதன்மேற் பிரார்த்தனைகளை எழுதியிருந்தனர். அடியில் மங்கிக் கிடந்தவற்றுள் ஒன்று, ஆக்கிமிடீசு தம் நண்பர் எரத்தோசுதெனிசுக்கு எழுதிய நூல்! தாம் உண்மைகளைக் கண்டறிந்த வழியை அதில் ஒளிக்காது உரைத்திருந்தார்.

அவ்வழி யாது? நெம்புகோலும் தராசும் கற்பித்த பாடமே. உருவங்களை மெல்லிய கீற்றுக்களாக அரிந்து, மனத்திலே ஒரு தராசுக்கோலிற் றொங்கவிட்டு, எது எதற்குச் சமமாகின்றதென ஆராய்வார். விடை தெரிந்த பின்னரே நிறுவலைத் தேடுவார். தராசு வழிகாட்டுமேயன்றி நிறுவலாகாது என்பதிலும் அவர் உறுதியுடையவர். கைத்தொழிலின் கருவியொன்று தூய கணிதத்துக்கு வாயில் திறந்தது.

இவ்வாறு கண்டவற்றுள் ஒன்று, கோளத்தின் கனவளவு அதனைச் சரியாக உள்ளடக்கும் உருளையின் கனவளவில் மூன்றிலிரண்டு என்பது. இதனை நாமும் சோதிக்கலாம். ஒரு பந்தின் உயரமும் அகலமுங் கொண்ட பேணியை நீரால் நிரப்பி, பந்தை முழுதும் அமிழ்த்தி எடுங்கள். எஞ்சும் நீர் பேணியின் மூன்றிலொரு பங்களவே நிற்கும். வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கப் பல்கோணங்களை அமைத்து, சுற்றளவு விட்டத்தின் 3 10/71 மடங்கிற் கூடியது, 3 1/7 மடங்கிற் குறைந்தது என்றும் நிறுவினார். நாம் பாடசாலையில் வழங்கும் 22/7 அந்த மேலெல்லையே.

உரோமர் சிரக்கூசை முற்றுகையிட்டபோது அவருடைய பொறிகள் அவர்களை நெடுநாள் தடுத்துநின்றன. கி. மு. 212இல் நகரம் வீழ்ந்தது. தளபதி மார்செல்லசு அவரைக் காக்க விரும்பியும், ஒரு போர்வீரன் அவரைக் கொன்றான். அவ்வேளையிலும் அவர் ஒரு வரைபடத்தில் ஆழ்ந்திருந்தாரென்பர்.

அவர் விருப்பப்படி கல்லறையிலே கோளமும் உருளையும் பொறிக்கப்பட்டன. சொந்த நகரத்தார் அதனை மறந்தனர். கி. மு. 75இல் முட்புதரிடையே அதனைக் கண்டெடுத்தவர் உரோமரான சிசரோ.

இளைஞரே, கல்லறையை முள் மூடியது. நூலைப் பிறர் எழுத்து மூடியது. நமது கல்வியை மனனம் மூடாதிருக்கட்டும். பெரியோரே, பிள்ளையின் கையிற் புத்தகத்தோடு ஒரு கவராயமும், ஒரு பேணியும், ஒரு பந்துங் கொடுங்கள்.