அமெரிக்க அமைச்சரவையில் முதல் கறுப்பினத்தவர்: டாக்டர் இராபர்ட் வீவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-ஆம் ஆண்டில். கறுப்பினத்தைச் சார்ந்த ஒருவர் மத்திய அமைச்சரவையில் முதன்முதலாக இடம் பெற்றதோ 1966-ஆம் ஆண்டில். இடையே நூறாண்டுகள் கடந்துவிட்டன. அவ்விடத்தைப் பெற்றவர் டாக்டர் இராபர்ட் கிளிப்டன் வீவர். அரசின் பணம் ஏழையின் வாசலை அடைய வேண்டுமாயின் அதனுடன் நிபந்தனையும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் போராடிய பொருள்.

வாஷிங்டன் நகரில் 1907 டிசம்பர் 29-ஆம் நாள், அஞ்சல் துறை எழுத்தர் ஒருவரின் மகனாகத் தோன்றினார். தாய்வழிப் பாட்டனார் 1869-இல் ஹார்வர்டில் பல் மருத்துவப் பட்டம் பெற்றவர். கல்வியின் அருமை அறிந்த குடும்பந்தான். ஆயினும் பள்ளிப் பருவத்திலேயே மின்பணி கற்றிருந்த வீவரை, நிறத்தைக் காரணம் காட்டித் தொழிற்சங்கம் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டது. அங்கே அடைபட்ட கதவே அவரைப் பொருளாதாரக் கல்விக்குத் திருப்பியது எனலாம். ஹார்வர்டில் 1929-இல் இளங்கலைப் பட்டமும், 1934-இல் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அப்பொழுது குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் அரசு, வேலையின்மையைப் போக்கப் பொதுப்பணிகளைத் தொடங்கி, வீடுகளும் கட்டி வந்தது. வேற்றுமை பாராட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுதல் எளிது. தகுதியுள்ள ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்புவதும் ஒப்பந்தக்காரருக்கு எளிதே. அரசின் ஆலோசகராயிருந்த வீவர், நண்பர் வில்லியம் ஹேஸ்டியுடன் சேர்ந்து இதற்கொரு வழி கண்டார். 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அவ்வூரில் கறுப்பினக் கைவினைஞர் எத்தனை பேரோ, அதற்கேற்ற ஒரு பங்கு கூலித் தொகையில் அவர்களுக்குச் சென்றிருத்தல் வேண்டும். செல்லாவிடில், அதுவே பாகுபாட்டுக்கு முதற்சான்றாகக் கொள்ளப்படும். மெய்ப்பிக்கும் சுமை கூலிக்காரனின் தலையிலிருந்து ஒப்பந்தக்காரரின் தலைக்கு மாறியது. இதன் நுட்பத்தை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனித்தல் நலம்.

1948-இல் அவர் வெளியிட்ட நூல் கறுப்பினத்தவரின் ஒதுக்குக் குடியிருப்புகளைப் பற்றியது. ஒதுக்கி வைக்கப்பட்ட தெரு என்றால் என்னவென்று இம்மலரின் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்று அங்கே வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதி வைத்தனர். வீட்டுக்கடனுக்குக் காப்புறுதி தந்த மத்திய நிறுவனமே 1930-களில் அதனை ஊக்குவித்தது.

1961-இல் கென்னடி அவரை மத்திய வீட்டு வசதி நிறுவனத்தின் தலைவராக்கினார். அதனைத் தனி அமைச்சகமாக உயர்த்தும் முயற்சி 1962-இல் நாடாளுமன்றத்தில் தோற்றது. வீவரே அமைச்சராவார் என்பது தென் மாநில உறுப்பினர்களுக்குப் பொறுக்கவில்லை. ஜான்சன் காலத்தில், 1965-இல், வீட்டு வசதி, நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் பிறந்தது. அடுத்த சனவரியில் வீவர் பொறுப்பேற்றார்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த சேரி அகற்றும் பணியில் கறுப்பின மக்களின் தெருக்கள் பல இடிக்கப்பட்டன. குடிபெயர்ந்தோர் பலருக்கு மாற்று வீடு கிட்டவில்லை. வீவர் தலைமையேற்ற நிறுவனமே அப்பணியை நடத்தி வந்தது. 1966-இல் வந்த மாதிரி நகரத் திட்டம் இதற்கொரு மாற்றாயிற்று. நலிந்த பகுதியொன்றைத் தேர்ந்து, வீடு, பள்ளி, மருத்துவம், வேலை அனைத்துக்கும் ஒருங்கே திட்டமிட்டால் நகருக்குக் கூடுதல் மானியம். அத்திட்டமிடலில் அப்பகுதி மக்களுக்கும் பங்கு இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. மக்கள் தங்களைக் கேள்வி கேட்பதை நகரத் தலைவர்கள் பலர் விரும்பவில்லை. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதியில் வீவர் பதவி விலகிக் கல்விப் பணிக்குச் சென்றார்.

1974-இல் குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையொப்பமிட்ட சட்டம், மாதிரி நகரத் திட்டத்தையும் சேரி அகற்றும் திட்டத்தையும் வேறு சிலவற்றையும் ஒன்றாக்கி, சமுதாய வளர்ச்சித் தொகுப்பு மானியம் என ஆக்கியது. மக்கள்தொகை, வறுமை, வீட்டு நெருக்கடி ஆகியவற்றைக் கணக்கிட்டு, வறுமைக்கு இரு மடங்கு மதிப்பளித்து, நகரங்களுக்கு நேரே தொகை சென்றது. செலவிடும் உரிமை பெரிதும் உள்ளாட்சிகளிடம் விடப்பட்டது. ஏழைகளின் பெயரால் கணக்கிட்டு வாங்கிய பணத்தில் வசதி படைத்தோர் பகுதிக்கு டென்னிஸ் ஆடுகளம் அமைத்த நகரமும் உண்டு. எளியோர்க்குத் தொகையில் இத்தனை பங்கு என்று அச்சட்டம் முதலில் எண்ணிட்டுக் கூறவில்லை. பின்னர் அந்த எண்ணும் வந்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நூற்றுக்கு 70 என உயர்த்தியது. கூலிப் பங்குக்கு எண்ணிட்ட இளம் ஆலோசகர் அப்பொழுது எண்பதைக் கடந்த முதியவர்.

1997 சூலை 17-ஆம் நாள் நியூயார்க்கில் வீவர் காலமானார். வாஷிங்டனிலிருந்த அமைச்சகத் தலைமைக் கட்டிடத்துக்கு 2000-ஆம் ஆண்டில் அவர் பெயர் சூட்டப்பெற்றது.