ஜகதீச சந்திர போஸ்

வங்கம் ஈன்ற அறிஞர் ஜகதீச சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டிற் பிறந்தார். 1885-இல் கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆங்கிலேயருக்கு நிகரான ஊதியம் மறுக்கப்படவே, மூன்றாண்டுகள் ஊதியமே பெறாது பணியாற்றினார். அவர்தம் நெஞ்சுறுதி அத்தகையது.

பின்னாளில் அவர் தொட்டாற்சுருங்கியின் இலையொன்றைக் காம்போடு அரிந்தார். பின்னர் நிகழ்ந்தவற்றைத் தாம் அமைத்த நுண்கருவியால், கரிப்புகை படிந்த கண்ணாடியிற் புள்ளிகளாகப் பதிவு செய்தார். இலையிழந்த தாய்ச்செடி அதிர்ச்சியால் செயலற்று நின்றது, தூண்டினும் அசைந்திலது. சில மணி நேரம் சென்றபின் மெல்ல மெல்லத் தேறிப் பழைய நிலையை எய்தியது. அரிந்தெடுத்த இலையோ, ஊட்டநீரில் இட்டதும் விரைவில் நிமிர்ந்து, தூண்டுந்தோறும் ஊக்கத்துடன் அசைந்தது. காண்போர் இலையே வென்றதென எண்ணுவர்! ஒரு நாள் கழிந்தது, அசைவு தளர்ந்தது, இலை மடிந்தது. செடியோ உயிரோடு நின்றது.

செடிகொடிகளின் உடலிலும் மின்துடிப்பு ஓடுகின்றது என்ற அவர் கருத்தை மேலைநாட்டார் பலர் ஏற்றிலர். அவர் தளர்ந்தாரல்லர், 1917-இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி, ஆய்வைத் தொடர்ந்தார். 1937-இல் கிரிடியில் மறைந்தார். ஓர் இலை புண்பட்டால் அங்கிருந்து மின்குறிப்புகள் பிற இலைகளுக்கு விரைவதை இக்காலக் கருவிகள் தெளிவாகக் காட்டுகின்றன.