கம்ப்ரசர் இல்லாத காலத்து கலெக்டர்

வேலை கிடைச்சு சென்னையில வாடகை வீடு எடுத்ததும், ஏப்ரல்ல உங்க முதல் பெரிய செலவு ஏசியாத்தான் இருக்கும். ஒரு டன்னா, ஒன்றரை டன்னா, இன்வர்ட்டரா, எத்தனை ஸ்டார்னு தலையைப் பிச்சுக்குவீங்க. இருநூறு வருஷம் முன்னாடி இதே வெக்கைக்கு வழி தேடின ஒருத்தர் ஒரு மலையையே தேர்ந்தெடுத்தார். ஊட்டியில போட்டிங் போனீங்கன்னா அது அவர் வெட்ட வெச்ச ஏரி. பேர் ஜான் சல்லிவன்.

1788-ல் லண்டனில் பிறந்தவர். நாம பிளஸ் டூ முடிக்கிற வயசுக்கு முன்னாடியே கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துல சேர்ந்து சென்னை வந்துட்டார். அன்னைக்கு துரைமார் வீட்டுல குளிர்ச்சிக்கு இருந்தது முக்கியமா ரெண்டு ஏற்பாடு. ஒண்ணு பங்கா: கூரையில தொங்குற பெரிய துணி விசிறி, அதோட கயிற்றை வெளியே ஒரு ஆள் உட்கார்ந்து ராத்திரி பகலா இழுக்கணும். இன்னொண்ணு வெட்டிவேர் தட்டி: வாசல்லயும் ஜன்னல்லயும் கட்டி தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். தண்ணி ஆவியாகும்போது காத்துல இருந்து வெப்பத்தை எடுத்துக்கும். இன்னைக்கு ஏர் கூலர் செய்யறதும் அச்சு அசல் இதேதான்.

வறண்ட ஊர்ல தட்டி பிரமாதமா வேலை செய்யும். சென்னைக் காத்துல ஏற்கெனவே ஈரம் தளும்புதே, தட்டியில இருக்கிற தண்ணி எங்கே போகும்? அறை இன்னும் பிசுபிசுக்கும். கடலோர ஊருக்கு ஏர் கூலர் வாங்காதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான். அங்கே காத்தைக் குளிர வெச்சா மட்டும் போதாது, அதுல இருக்கிற தண்ணியைப் பிழிஞ்சு வெளியே தள்ளணும். ஏசியோட குழாய்ல சொட்டுறது அந்தத் தண்ணிதான்.

சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டரா இருந்தப்போ, 1818-ல் அவரோட உதவியாளர்கள் ரெண்டு பேர் நீலகிரி மேல போய் வந்து அங்கே குளிருதுன்னு சொன்னாங்க. 1819 ஜனவரியில் அவரே சிறுமுகைப் பக்கமிருந்து காட்டு வழியா ஏறி, கோத்தகிரிக்குப் பக்கத்துல திம்பட்டி போய்ச் சேர்ந்தார்.

அவர் அங்கே உணர்ந்ததை நாம கணக்காவே போடலாம். கோவை சுமார் 400 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும்னா கிட்டத்தட்ட 12 டிகிரி வித்தியாசம். ஊட்டியிலயும் ஈரம் ஜாஸ்திதானேன்னு கேப்பீங்க. 15 டிகிரியில 90 சதவீத ஈரப்பதம்னா ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 11 கிராம் தண்ணி. சென்னையில 34 டிகிரி, 60 சதவீதம்னா 22 கிராமுக்கு மேல. சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. மேற்கே இருந்து வர்ற கடல் காத்து மலைச்சரிவுல ஏறி, குளிர்ந்து, கூடலூர் பக்கம் மழையாக் கொட்டிட்டு மேல வருது. ஏசிக்குள்ள காயில் பண்ற வேலையை இங்கே மலையே பண்ணுது!

அப்புறம் அவரைப் பிடிக்க முடியல. கோத்தகிரி கன்னேரிமுக்குல ஒரு வீடு. 1822-ல் ஊட்டியில ஸ்டோன் ஹவுஸ் கட்ட ஆரம்பிச்சார், ஊர்க்காரங்களுக்கு அது கல் பங்களா. இப்போ அரசு கலைக் கல்லூரி வளாகத்துல இருக்கு. 1823-ல் ஏரி வேலை. உருளைக்கிழங்கு, பார்லி பயிர். நோயாளிச் சிப்பாய்கள் இங்கே வந்து தேறலாம்னு சென்னை அரசுக்கு எழுதிக்கிட்டே இருந்தார். கவர்னர் தாமஸ் மன்றோவே 1826-ல் வந்து தங்கினார்.

இதுக்கு பில் யார் கட்டினாங்க? தோடர்கள். ஏக்கருக்கு ஒரு ரூபாய்னு அவங்க மேய்ச்சல் நிலத்தை சல்லிவன் வாங்கினார். அதுலயே ஏக்கர் ஏக்கரா அவர் கைக்குப் போச்சு. இந்த இடத்துல எனக்கு அவர் மேல கோபம் வருது. ஆனா இந்த மலை தோடர்களுக்குச் சொந்தம், அரசு சும்மா எடுத்துக்க முடியாதுன்னு மேலிடத்தோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டினதும் இதே ஆள்தான். ரெண்டையும் ஒண்ணா எப்படி வெச்சிருந்தார்னு எனக்குப் புரியல.

1820-ல் கல்யாணம் ஆன மனைவி ஹென்ரியெட்டாவும் மலைக்கு வந்து வாழ்ந்தாங்க. உடம்பு தேற ஏத்த இடம்னு ஊருக்கெல்லாம் சொன்னவர் வீட்டுலயே 1838-ல் சில நாள் இடைவெளியில ஹென்ரியெட்டாவும் மகள் ஹாரியட்டும் இறந்துபோனாங்க.

1841-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அடுத்த வருஷம், 1842-ல், சென்னைக் கடற்கரையில ஐஸ் ஹவுஸ் வந்துச்சு. அமெரிக்காவுல உறைஞ்ச ஏரியில வெட்டின ஐஸ் கப்பல்ல வந்து அங்கே இறங்கும். இப்போ அதுதான் விவேகானந்தர் இல்லம். காத்துல இருந்து ஈரத்தைப் பிழியிற மெஷினை வில்லிஸ் கேரியர் வடிவமைச்சது 1902-ல்தான், அதுவும் நியூயார்க் பக்கம் ஒரு அச்சகத்துல காகிதம் நமுத்துப் போகாம இருக்கறதுக்காக.

சல்லிவன் 1855 ஜனவரி 16-ல் இறந்தார். அவர் கல்லறை இங்கிலாந்துல ஸ்லவ் பக்கம் அப்டன்ல இருக்கு. மனைவியும் மகளும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுல. அடுத்த தடவை போனா, சர்ச் முன்னாடி செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க, பின்னாடி மேட்டுல ஏறிப் பாருங்க.